கச்சான் மெஷினில் வேரோனிக்காவின் முகம்

கனடாவின் மல்வேர்னில் கஸ்பர் அண்ணையைத் தெரியாத தமிழ்ச் சனம் குறைவு. பேஸ்மென்ற் படிக்கு இரும்புக் கைபிடி வேண்டுமென்றாலும், கோயிலில் மெழுகுதிரித் தட்டின் கால் உடைந்தாலும், யாரோ ஒருவரின் கராஜ் கதவு பாதியில் நின்று அடம்பிடித்தாலும் அவருக்குத்தான் போன் போகும். ஒஷாவாவில் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டர். சொந்த ஊர் மன்னாரில் பேசாலை. வேலை முடிந்து வந்த களைப்போடு ஓடிப்போய்ச் செய்து கொடுப்பார், ஒரு சதம் வாங்கமாட்டார். பாராட்டு மட்டும் வேண்டும். “கஸ்பர் அண்ணையின்ர கை கைதான்” என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு மனைவி றீற்றா வைத்த கறியில் உப்புக் கூடினாலும் தெரியாது. சொல்லாமல் விட்டார்களோ, கறி நன்றாக இருந்தாலும் குறை கண்டுபிடிப்பார். இருபத்தைந்து வருடமாக இதைப் பார்த்துவரும் றீற்றா, அவர் செய்துகொடுத்த வீடுகளுக்குத் தானே போன் எடுத்து, “ஒரு சொல்லு நல்லாச் சொல்லிவிடுங்கோ” என்று கேட்டதும் உண்டு.

பட்டறையில் பெயின்ற் அடிக்கும் பகுதியில் பெலிஸ்ரா என்று ஒரு பெண் வேலை செய்தாள். மலாவிக்காரி, நல்ல வேதக்காரி. சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள் தன் அக்கா எஸ்நாத்தின் கைகளைப் போனில் காட்டினாள். நகக்கண் எல்லாம் வெடித்து, விரல் நுனிகள் தோலுரிந்து கிடந்தன. அவர்களுடைய கிராமத்தில் பெண்கள்தான் கச்சான், அதாவது நிலக்கடலை, போடுகிறார்கள், பெண்கள்தான் பிடுங்குகிறார்கள், பிறகு மாதக்கணக்கில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கையால் உடைக்கிறார்கள். விரல் தாங்காமல் கோதைத் தண்ணீரில் நனைத்து உடைத்தால் பருப்பில் பூஞ்சணம் பிடித்துவிடும், யாவாரி தொடமாட்டான். அக்கா ஒரு பெண்கள் குழுவின் தலைவி. கையால் சுற்றி உடைக்கும் மெஷின் ஒன்று இருந்தால் அந்த மாதங்கள் எல்லாம் தங்கள் கைக்கு வந்துவிடும், நாங்களே எண்ணெய் பிழிந்து விற்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

பெலிஸ்ரா கேட்டது பெரிய விஷயமில்லை. அங்கே சந்தையடியில் வெல்டிங் தெரிந்த கொல்லன் ஒருவன் இருக்கிறான், அளவுகளோடு ஒரு படம் கீறித் தந்தால் போதும், அவனே செய்துகொள்வான், பக்கத்துக் கிராமங்களுக்கும் செய்து கொடுப்பான் என்றாள். கஸ்பர் சிரித்துவிட்டார். படத்தைப் பார்த்து மெஷின் செய்ய அவன் யார், நானே செய்து அனுப்புகிறேன் என்றார். ஆசையோடு சொன்னதுதான். ஆனால் அந்தக் கொல்லனின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

மெஷின் அருமையாக வந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளே வளைந்த கம்பிகளால் ஒரு தொட்டில், அதற்குள் ஆடும் இரும்புத் துடுப்பு, பக்கத்தில் கைபிடி. இருந்தபடியே ஒரு பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுகூடச் சுற்றலாம். பருப்பும் கோதுமாக முன்பக்கத்து வாய் வழியாகப் பாயில் விழும், பிறகு புடைத்தால் சரி. சீனக் கடையில் ஒரு மூட்டை கச்சான் வாங்கிக் கராஜில் உடைத்துக் காட்டினார். அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்து மெச்சியது. றீற்றா அந்தக் கிழமை முழுக்கக் கோது கூட்டினாள்.

இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாயார் வேரோனிக்காவின் ஓராண்டு நினைவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் நடந்த தாயாரின் அடக்கத்துக்குக் கஸ்பர் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எல்லோருக்கும் சொன்னார். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். வரவேற்பறைச் சோபாவில் இருந்து, பெட்டி குழிக்குள் இறங்குவதைப் போனில் பார்த்தார். இடையில் இரண்டு தரம் படம் உறைந்து நின்றது. அந்த ஒரு வருடமும் அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மெஷினை அம்மாவின் பெயரில் கொடுத்துவிட்டால் முள் இறங்கிவிடும் என்று நினைத்தார்.

நம்முடைய சனத்துக்குப் பெயர் போடாமல் ஒரு தானம் கொடுக்க வராது. கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் கொடுத்தாலும் கண்ணாடியில் குடும்பத்தின் பெயரை எழுதி, வெளிச்சம் பாதி உபயம் பாதியாகத்தான் கொடுப்போம். கஸ்பர் துருப்பிடிக்காத தகட்டில் அம்மாவின் படத்தைப் பொறித்தார். மேலே சிலுவை. ஒரு பக்கம் ‘அன்னை மடியில்’ என்று பிறந்த திகதி, மற்றப் பக்கம் ‘ஆண்டவன் அடியில்’ என்று இறந்த திகதி. ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் தம்பி சீமோன், மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பெயர் எல்லாம் வரவேண்டும் என்று போனில் ஒற்றைக்காலில் நின்றான். தகடு வளர்ந்து வளர்ந்து ஒரு தேத்தண்ணீர்த் தட்டம் அளவுக்கு வந்துவிட்டது. அவ்வளவு பெரியதை வைக்க மெஷினில் ஒரே இடம்தான் இருந்தது: முன்பக்கம், வாய்க்கு நேர் கீழே. பிற்காலத்தில் யாரும் கழற்றிவிடக் கூடாது என்று ஆணி போடாமல் சுற்றிவர வெல்ட் அடித்து ஒட்டினார்.

“இஞ்சருங்கோ, உது மாமியின்ர கல்லறை மாதிரியெல்லோ கிடக்கு,” என்றாள் றீற்றா.

அவர் சீறி விழுந்தார். பெலிஸ்ராவும் வந்து பார்த்தாள். தகட்டைத் தனியாக அனுப்பினால் அங்கே கோயில் சுவரில் பதிக்கலாமே என்று மெல்லக் கேட்டாள். கஸ்பர் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கண் கலங்கியது. தாய்க்காக அழும் மனிதனோடு யார் வாதாடுவார்கள், அவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். தகடு ஒட்டிய பிறகு கஸ்பர் அந்த மெஷினில் ஒரு பிடி கச்சான்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவர் செய்யக்கூடிய பிழையா அது? ஆனால் அதற்கு மாலை போட்டாயிற்று. மாலை போட்ட ஒன்றைச் சுற்றிப் பார்க்க அவருக்குக் கை வரவில்லை.

நினைவுத் திருப்பலி முடிந்து கோயில் ஹோலில் மெஷினை வைத்து, சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். பற்றீசும் றோல்சும் பரிமாறினார்கள். கஸ்பர் மைக்கைப் பிடித்தார். “ஆபிரிக்காவில அதுகளுக்கு ஒரு கச்சான் உடைக்கக்கூட வழி தெரியாது. கையால நோண்டிக்கொண்டு இருக்குதுகள். அதுகளின்ர கண்ணைத் திறக்கத்தான் எங்கட அம்மாவின்ர பேரில இதைக் குடுக்கிறம்.” கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பெலிஸ்ராவும் தட்டினாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்த கஸ்பரின் மகள் மெலிசாவிடம், அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டாள். மெலிசா அவளுடைய காதில் ஏதோ சொன்னாள்.

மெஷின் கப்பலேறியது. மானம் கப்பலேற இன்னும் சில மாதங்கள் இருந்தன.

போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு படம் வந்தது. கிராமத்துக் கோயில் வாசலில் மெஷின், சுற்றிவரப் பெண்கள், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கஸ்பருக்கு வேண்டியது மெஷின் ஓடும் வீடியோ. பத்துப் பேருக்குக் காட்டவேண்டாமா? அறுவடை தொடங்கிவிட்டது என்று பெலிஸ்ரா சொன்னாள், வீடியோ பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினாள். கஸ்பரின் முகம் கறுக்கத் தொடங்கியது. சீமோன் வாங்கிய புது வீட்டுக் குடிபுகுதலில் யாரோ, “என்ன அண்ணை, கச்சான் மெஷின் ஓடுதோ?” என்று கேட்டுவிட்டார்கள். “வித்துப் போட்டிருப்பினம்,” என்றார் கஸ்பர், வீடு நிறைந்த சனத்துக்குக் கேட்க. “நன்றி இல்லாத சாதி. உதுகளுக்குக் குடுத்துப் பழக்கக் கூடாது.”

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அது வாங்கியவருக்குச் சொன்னது. கொடுத்தவரே திரும்பப் போய்ப் பல்லைப் பிடித்த கதையை இங்கேதான் பார்க்கிறோம். பெலிஸ்ராவிடம் முகத்துக்கு நேரே கேட்டார், உன் அக்காவோடு நான் பேசவேண்டும் என்று. அவள் சரி என்று ஒரு ஞாயிறு காலை மல்வேர்ன் வீட்டுக்கு வந்தாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று கஸ்பர் சீமோனையும் கூப்பிட்டிருந்தார். போனைப் பெரிய ரீவியோடு இணைத்தார்கள். வழக்கு விசாரிக்கப் போகிறவர் மாதிரி கஸ்பர் நடுச் சோபாவில் அமர்ந்தார்.

எஸ்நாத் திரையில் வந்தாள். ஐம்பதை அண்டிய பெண், தலையில் துணி கட்டியிருந்தாள். எல்லோருடைய சுகத்தையும் ஒவ்வொருவராக விசாரித்தாள். றீற்றாவின் முழங்கால் நோவு வரைக்கும் பெலிஸ்ரா சொல்லி அறிந்திருந்தாள். கஸ்பருக்குப் பொறுக்கவில்லை, மெஷின் எங்கே என்று கேட்கச் சொன்னார். எஸ்நாத் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போகிற வழியில் மர நிழலில் பாய் விரித்துப் பெண்கள் இருந்தார்கள். முன்னால் குவியலாகக் கச்சான். விரல்களால் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கோயிலுக்குள் போனாள். மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் மெஷின் நின்றது. கீழே தோய்த்து மடித்த துணி விரித்திருந்தது, தகட்டின் முன்னால் பூ. எண்ணெய் போட்டுத் துடைத்து, கஸ்பரின் கராஜில் இருந்ததைவிட மினுங்கியது. வேரோனிக்கா அங்கிருந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் ஓட்டவில்லை என்று கஸ்பர் கேட்டார். குரலில் சூடு இருந்தது. எஸ்நாத் தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினாள். பெலிஸ்ரா அதை மொழிபெயர்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லு, சொல்லு என்று அவர் நெருக்கிய பிறகுதான் சொன்னாள்.

வந்த அன்றே ஓட்டிப் பார்த்தார்களாம். மிக நன்றாக வேலை செய்ததாம். ஆனால் கோதும் தூசியும் வந்து விழுந்தது அந்த அம்மாவின் முகத்தில். துடைத்துவிட்டு மறுபடி சுற்றினார்கள், மறுபடியும் முகத்திலேயே விழுந்தது. வயதான பெண் ஒருத்தி கைபிடியைப் பிடித்து நிறுத்திவிட்டாள். துணியால் மூடிப் பார்க்கலாம் என்று சிலர் சொன்னார்கள், மூடிவிட்டு அதன்மேல் கொட்டுவது இன்னும் மரியாதைக் கேடு என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது வெறும் தகடு என்று பெலிஸ்ரா போனில் எவ்வளவோ சொன்னாளாம். எஸ்நாத் ஒத்துக்கொள்ளவில்லை.

“சிலுவை இருக்கிறது, திகதிகள் இருக்கின்றன, பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. இது ஒரு தாயின் கல்லறைக் கல். எங்களை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். அதில் நாங்கள் எப்படிக் குப்பை கொட்டுவது?”

ஆகவே கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஞாயிறு தோறும் பூசை முடிந்து வேரோனிக்காவின் ஆன்மாவுக்காகச் செபமாலை சொல்கிறார்கள். ஓட்டவில்லை என்று சொன்னால் மகன் மனம் நொந்துபோவார் என்று வீடியோ அனுப்பவில்லை. எஸ்நாத்துக்கு ஒரேயொரு சந்தேகம் மட்டும் இருந்ததாம், கேட்க வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டாளாம். இவ்வளவு பாசமான பிள்ளைகள், தாயின் கல்லறையைத் தங்களோடு வைத்திருக்காமல் ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினார்கள் என்பதுதான் அது.

 சீமோன் செருமினான். வித்துப் போட்டிருப்பினம் என்று கஸ்பர் சொன்னது அவன் வீட்டு நடு ஹோலில்தான். கஸ்பருக்குக் காது இரண்டும் கொதித்தன. தன் வீட்டில், தன் ரீவியில், தானே கூட்டிவைத்த சாட்சிகளின் முன்னால் இப்படி ஒரு அடி. அதிலும் அடித்தவள் தான் அடித்தது தெரியாமல் சிரித்த முகத்தோடு நிற்கிறாள்.

படிக்கட்டில் இருந்த மெலிசா எழும்பி வந்து அவருடைய காதுக்குள் சொன்னாள். “அப்பா, ஹோல்ல நீங்க பேசினதை நான் பெலிஸ்ரா அன்ரிக்கு ட்ரான்ஸ்லேற் பண்ணேல்லை. யூ வேர் தாங்க்கிங் ஹேர், நன்றி சொல்லுறீங்க எண்டு பொய் சொன்னனான்.”

தகட்டை வெட்டி எடுத்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள் என்று கஸ்பர் எப்படியோ சொல்லி முடித்தார். எஸ்நாத் தலையசைக்கவில்லை. சிலுவையையும் ஒரு தாயின் முகத்தையும் நாங்களாக வெட்டமாட்டோம், கொல்லனும் வெட்டமாட்டான் என்றாள். அடுத்த ஞாயிறு அவனைக் கூட்டி வருகிறோம். நாங்கள் செபம் சொல்வோம், மகன் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும், வெட்டுங்கள் என்று மகன் வாயால் சொல்லவேண்டும் என்றாள்.

அந்தக் கிழமை கஸ்பர் பட்டறையில் பெலிஸ்ராவின் கண்ணில் படாமல் காருக்குள் இருந்து சாப்பிட்டார். பின்னேரங்களில் சீமோன் போன் எடுத்தான். “அண்ணை, அம்மான்ர முகத்தில கிறைண்டர் வைக்கவோ போறியள்? அங்க கோயிலில மாதாவுக்குப் பக்கத்தில பூ வச்சுக் கும்பிடுகினம். ஆருக்குக் கிடைக்கும் உது? அது அப்பிடியே இருக்கட்டும். வேற மெஷின் ஒண்டு செய்து அனுப்புங்கோ.”

நல்ல யோசனைதான். வெட்கப்படும்படி நல்ல யோசனை. அதைச் செய்தால் மூக்குடைபட்ட கதை வெளியே வராது. ஆபிரிக்காவிலே எங்கள் அம்மாவுக்குச் செபமாலை சொல்கிறார்கள் என்று அடுத்த நினைவுத் திருப்பலியில் மைக்கிலும் சொல்லலாம். கஸ்பர் நிசமாகவே அதை நினைத்துப் பார்த்தார். மைக்கைப் பிடித்து என்ன சொல்வது என்பது வரைக்கும் நினைத்தார். இரண்டாவது மெஷின் போய்ச் சேர அந்த அறுவடை முடிந்துவிடும், அந்தப் பாயில் இருந்த பெண்கள் முழுவதையும் விரலால்தான் உடைக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நினைத்தார். அப்படி நினைக்கிற மனிதன் தான் என்பதைக் கண்டபோது சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தார்.

வெள்ளிக்கிழமை பெலிஸ்ரா வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கொல்லனைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அக்கா கேட்கிறாள் என்றாள். கஸ்பர் மடியில் இருந்த மட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். பெட்டி மட்டையில் மெஷினின் படம், கம்பி இடைவெளி முதல் துடுப்பின் வளைவு வரைக்கும் அளவுகளோடு கீறியிருந்தார். முதலில் அவள் கேட்டது இதைத்தான். கூப்பிடச் சொல்லு என்று மட்டும் சொன்னார். கொல்லனின் பெயர் என்ன என்றும் கேட்டார். லைசன் என்றாள்.

ஞாயிறு வந்தது. சீமோன் வரவில்லை. திரையில் மெஷினை வெளியே மரநிழலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். எஸ்நாத்தும் பெண்களும் சுற்றிவர நின்றார்கள், லைசன் கிறைண்டரோடு ஓரமாக நின்றான். செபம் சொல்ல முன்னர் எஸ்நாத் ஒன்று கேட்டாள். இத்தனை மாதம் யாரென்று தெரியாமல் இந்த அம்மாவுக்காக மன்றாடினோம், இன்றைக்காவது அவர் எப்படிப்பட்டவர் என்று மகன் சொல்லட்டும் என்றாள்.

கஸ்பர் அம்மாவின் நினைவு மலரில் எழுதியதைச் சொன்னார். பாசமுள்ளவர், பக்தியுள்ளவர், பிள்ளைகளை நன்றாக வளர்த்தவர். பெண்கள் தலையாட்டினார்கள். எஸ்நாத்துக்கு அது போதவில்லை, என்ன வேலை செய்தார் என்று கேட்டாள்.

மல்வேர்னில் அந்தக் கேள்விக்குக் கஸ்பர் உண்மை சொன்னதே இல்லை. தகப்பனுக்குச் சொந்தமாக மீன்பிடி வள்ளங்கள் இருந்தன என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவரும் நினைக்க விட்டிருந்தார். இப்போது பக்கத்தில் மெலிசா இருந்தாள். றீற்றா இருந்தாள். கஸ்பர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மா கடற்கரையில் கருவாடு போடும் வாடியில் கூலிக்கு மீன் வெட்டினார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. ஈர மண்ணில் நாள் முழுக்கக் குந்தியிருப்பார். வெட்டிய மீனுக்குள் உப்பை விரலால் தேய்த்து அடைப்பார். விரல் எல்லாம் வெடித்து உப்புப் புண். இராச் சாப்பாட்டில் கறி பட்டால் எரியும் என்று வெறுஞ்சோறு தின்பார், எங்களுக்குக் கறி போதாது என்றுதான் அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். எழுபது வயது வரைக்கும் வாடிக்குப் போனார்.

பெலிஸ்ரா சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்துப் பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். எஸ்நாத்தின் முகம் மலர்ந்தது. ஏதோ விளங்கிவிட்டவள் போல உற்சாகமாகப் பேசினாள்.

பெலிஸ்ரா கஸ்பரைப் பார்க்காமல் அதைச் சொன்னாள். “அதுதான் உங்களுக்கு எங்கள் கை நோவு தெரிந்திருக்கிறது என்கிறாள். முதல் மெஷினை அம்மாவுக்குத்தானே செய்து கொடுத்திருப்பீர்கள், அது என்ன மெஷின் என்று கேட்கிறாள்.”

கஸ்பருக்குப் பத்தொன்பது வயதில் மன்னார் பட்டினத்து ஒட்டுப் பட்டறையில் கை பழகிய தொழில். அன்றிலிருந்து எத்தனை வீட்டுக்கு எத்தனை சாமான். கனடாவில் இருந்து அம்மாவுக்குச் சேலை அனுப்பினார், கைக்கடிகாரம் அனுப்பினார், கடைசியில் கல்லறைக்குக் கறுப்புப் பளிங்கு போடக் காசும் அனுப்பினார். நின்றபடி மீன் வெட்ட இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்பு மேசை, உப்பை அள்ளித் தேய்க்க ஒரு தகட்டுக் கரண்டி. அரைநாள் வேலை. அப்படி ஒன்றைச் செய்யலாம் என்று ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

“இல்லை,” என்றார். தமிழில்தான் வந்தது. பெலிஸ்ரா விளங்காமல் பார்த்தாள்.  றீற்றாதான் அவளுக்குச் சொன்னாள். “நோ. ஹி டிட்ன்ற் மேக் எனிதிங் ஃபோர் ஹேர்.”

பெலிஸ்ரா தங்கள் மொழியில் அதைச் சொன்னாள். எஸ்நாத்தின் முகத்தில் இருந்த உற்சாகம் இறங்கியது.  மெலிசா எழும்பிப் போகவும் இல்லை, பக்கத்தில் நெருங்கி இருக்கவும் இல்லை.

பெண்கள் செபம் சொன்னார்கள். வேரோனிக்கா என்ற பெயர் மட்டும் கஸ்பருக்கு விளங்கியது. முடிந்ததும் லைசன் கிறைண்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

“வெட்டச் சொல்லுங்கோ,” என்றார் கஸ்பர். றீற்றா அதையும் சொன்னாள்.

லைசன் பெயர்கள் இருந்த பக்கத்தில் தொடங்கினான். பொறி பறந்தது. அவன் வெட்டிக்கொண்டு மேலே வர வர கஸ்பர் முகத்தைத் திருப்பவில்லை. மகன் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.